பன்னிரண்டு வாங்குகளும் பட்டறையம்மாவும்

பட்டிப்பொல புகையிரத நிலையத்துக் குடியிருப்பில் ஜன்னல் சட்டம் பொருத்திக்கொண்டிருந்தேன். பனி விலகாத காலை. ஸ்டேசன் மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர், எதையும் ஆறுதலாகச் சொல்லும் மனிதர். அன்று தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு மேடை நெடுக வேகமாக நடந்து வந்தார்.

"ஆசாரியார், அட்டனிலையிருந்து ரெலிபோன் வந்தது. உங்கட பட்டறை அம்மா விடியக்காலமை மோசம் போயிட்டாவாம். அடுத்த ரயில் பதினொண்டுக்கு. சாமானை இஞ்சை வைச்சிட்டுப் போங்கோ, நான் பாக்கிறன்."

அம்மாவின் சாவுச் செய்தியைக் கேட்ட பிறகும் மிச்சமிருந்த இரண்டு திருகாணிகளையும் முடுக்கிவிட்டுத்தான் ஏணியிலிருந்து இறங்கினேன். அதைப் பார்த்து ஸ்டேசன் மாஸ்டர் என்ன நினைத்தாரோ தெரியாது. பட்டறையம்மாவிடம் பதினாறு வருடம் வேலை செய்தவனுக்குச் சட்டத்தை அரைகுறையாகத் தொங்கவிட்டுப் போகக் கை வராது. ரயில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அழுதேன். வண்டி வட்டகொடையில் நின்றது. அம்மா பிறந்த தோட்டம் அந்த நிலையத்துக்கு மேலேதான் இருக்கிறது. மலையில் பெண்கள் வழக்கம்போலத் தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

முப்பத்தோராம் நாளுக்கு ஒரு சிறு நினைவு மலர் வெளியிடப் போவதாக அம்மாவின் பெண்மக்கள் இருவரும் சொன்னார்கள். "ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க மாமா. அம்மாவோட பெருமைய எழுதுங்க" என்றார்கள். எழுதுகிறேன் என்றேன். பெருமைக்கு ஒன்றும் குறைவில்லை, இரண்டு பக்கத்தில்தான் அடங்காது. ஆனால் அதன் நடுவே என்னுடைய சிறுமை ஒன்றும் இருக்கிறது. பதினொரு வருடமாக நான் வாய் திறக்காத விஷயம் அது. அதை விட்டுவிட்டு அம்மாவைப் பற்றி எழுதினால் எழுதியதெல்லாம் பொய்யாகிவிடும். ஆகவே அதையும் அதற்குரிய இடத்தில் எழுதுகிறேன்.

தெய்வானை அம்மாள் என்று பெயர் சொன்னால் அட்டனில் பலருக்குத் தெரியாது. பட்டறையம்மா என்றால் டிக்கோயா வீதியில் யாரும் கைகாட்டுவார்கள். அவர்களுடைய தகப்பனார் ஒரு தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் தச்சர். மரச் சுருளுக்குள் உருண்டு வளர்ந்தவர்கள் என்றாலும் அம்மா உளியைத் தொட்டதில்லை. பெண்பிள்ளை உளியைத் தொடக்கூடாது என்பது எங்கள் ஆட்களின் பிடிவாதம். கடைசி வரைக்கும் அம்மா தம் கையால் ஒரு மூட்டுக்கூட வெட்டியதில்லை. மேசை நாற்காலி என்று மரத் தளவாடம் செய்கிறவர்களில் அவர்களைப் போன்ற ஒருவரை நான் கண்டதுமில்லை. இந்த இரண்டும் உண்மை.

நாடு சுதந்திரமடைந்த மறு வருடம் நான் அந்தப் பட்டறையில் சேர்ந்தேன். அம்மாவின் கணவர் நாகலிங்கம் ஆசாரியார் நடத்திய பட்டறை. நாங்கள் நான்கு பேர் வேலை செய்தோம். இரண்டு வருடத்தில் அவர் ஒரு வாரக் காய்ச்சலில் போய்விட்டார். அம்மாவுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. இரண்டு பெண் குழந்தைகள். அண்ணன்மார் வந்து பட்டறையை விற்றுவிட்டுத் தங்கையை அழைத்துப் போவார்கள் என்று நாங்கள் நால்வரும் வேறு வேலைக்குச் சொல்லி வைத்துவிட்டோம்.

கருமாதி முடிந்த மறுநாள் காலையில் அம்மா வெள்ளைச் சேலையோடு பட்டறைக்குள் வந்தார்கள். கணவருடைய முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். அவருடைய சட்டைப்பைக் கடிகாரம் கையில் இருந்தது.

"நீங்க பாட்டுக்கு வேலையப் பாருங்க" என்றார்கள்.

இரண்டு வாரம் இதே கதைதான். நாங்கள் ஒரு மூட்டு வெட்ட ஆரம்பித்தால் கடிகாரத்தைப் பார்ப்பார்கள், முடித்தால் பார்ப்பார்கள். எங்களுக்கு எரிச்சலாக வந்தது. நால்வரில் நான்தான் மூத்த கைகாரன், அந்தக் கர்வமும் எனக்கு உண்டு. ஒருநாள் சொல்லியேவிட்டேன்.

"அம்மா, விலைய மட்டும் நீங்க பாருங்க. மூட்டுல கை வைக்காதீங்க."

அம்மா கோபப்படவில்லை. "மூட்டுதாங்க விலை, ஆசாரி" என்றார்கள். "மரம் எல்லாக் கடைக்கும் ஒரே விலைக்குத்தான் வருது. சாமான் விலை எங்க ஏறுது, எங்க எறங்குதுன்னு பாத்தா மூட்டுலதான்."

இந்தத் தொழில் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. இரண்டு மரத் துண்டுகளைச் சேர்க்கப் பல வழிகள் உண்டு. வச்சிரப் பசை தடவி ஆணி அடிப்பது ஒன்று. கால் மணி நேர வேலை. ஒரு மரத்தின் முனையை நாக்குப்போலச் செதுக்கி, மற்ற மரத்தில் துளை வெட்டிச் செருகுவது இன்னொன்று. நாக்கு குட்டையாக இருந்தால் வேலை சுருக்கமாக முடியும். முழு நாக்காக மறுபக்கம் வரைக்கும் போய் மர ஆணியால் பூட்டப்பட்டால் அது மனிதன் ஆயுளுக்கும் அசையாது. ஆனால் அப்படி ஒன்று வெட்டுகிற நேரத்தில் குட்டை நாக்கு மூன்று வெட்டிவிடலாம். எங்கள் மலையின் ஈரத்தில் வச்சிரம் இளகிவிடும், ஆணி துருப்பிடிக்கும். எல்லா மூட்டையும் முழு நாக்காக வெட்டினால் விலை பங்களாக்காரர்களுக்கு மட்டும்தான் கட்டுப்படியாகும். ஆகவே அட்டனில் அப்போது இரண்டே வகைத் தளவாடம் இருந்தது. ஒன்று துரைமாருக்கு, மற்றது மூன்று மழைக்காலம் தாங்கும் பஜார்ச் சாமான். நான் முதல் வகையில் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தவன். மூன்றாவதாக ஒரு வகை இருக்க முடியும் என்பதை அம்மாதான் காட்டினார்கள்.

அதை முதலில் நான் கண்டது கிளப் நாற்காலியில். துரைமாருடைய கிளப்பிலிருந்து இருபத்து நான்கு நாற்காலிக்கு விலை கேட்டிருந்தார்கள். பஜாரில் ஒருவர் ஆணியும் வச்சிரமுமாகப் போட்டு அடிமட்ட விலை சொல்லியிருந்தார். ஒவ்வொரு நாற்காலியிலும் எல்லா மூட்டும் முழு நாக்காக வெட்ட வேண்டும், இல்லையென்றால் இந்த வேலையே வேண்டாம் என்றேன் நான். மற்ற மூவரும் ஆணியே போதும், வேலை கையைவிட்டுப் போகக்கூடாது என்றார்கள். அந்த வேலை கிடைக்காவிட்டால் பட்டறை அந்த மாதத்தோடு மூடப்படும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

அம்மா இரண்டு பக்கமும் சேரவில்லை. "நாளைக்கு ஞாயித்துக்கிழமை. நான் போய்ப் பாத்துட்டு வந்துர்றேன்" என்றார்கள்.

"என்னாத்தம்மா பாக்கப் போறீங்க?"

"எப்படி உக்காருறாங்கன்னு."

கிளப்பின் சமையல்காரர் அம்மாவின் ஊர்த் தோட்டத்துக்காரர். அவருடைய அடுப்படிக் கதவோரம் நின்று மத்தியானம் முழுவதும் பார்த்திருக்கிறார்கள். பொழுது சாய, குடையை மடக்கிக்கொண்டு நேரே பட்டறைக்கு வந்தார்கள். ஒரு பழைய நாற்காலியை நடுவில் போட்டு உட்கார்ந்து, எங்கள் நால்வர் முன்னிலையிலும் பின்னால் சாய்ந்து முன்கால் இரண்டையும் தரையிலிருந்து தூக்கினார்கள். நாங்கள் பதறிப்போனோம்.

"பாத்தீங்களா? தொரைமாரு நேரா உக்காரவே மாட்டேங்குறாங்க. சாப்பிட்டதும் இப்படிச் சாஞ்சிர்றாங்க. இப்ப பாரம் எங்க எறங்குது, சொல்லுங்க ஆசாரி."

குனிந்து பார்த்தேன். பக்கச் சட்டம் பின்காலில் சேருகிற இடம். இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று.

"அந்த ரெண்டு மூட்டும் ஒங்க இஷ்டம். முழு நாக்கு, மர ஆணி, எவ்வளவு நேரம் வேணும்னாலும் எடுத்துக்குங்க. முன்பக்கம் குட்டை நாக்கு போதும். கைப்பிடிக்குத் திருகாணி. அதுல யாரும் தொங்கப் போறதில்ல." கொஞ்சம் யோசித்துவிட்டு மேலும் சொன்னார்கள்: "இன்னொன்னு. உள்ள ஒரு பக்கம் கணப்பு எரியுது. இன்னொரு பக்கம் கதவத் தொறந்து வச்சுப் பனிய விடுறாங்க. சூடும் ஈரமும் மாத்தி மாத்திப் படும். வச்சிரத்த நம்பாதீங்க. அது விட்டாலும் நாற்காலி நிக்கணும்."

பஜார் விலையைவிடச் சொற்பம்தான் கூடியது. வேலை எங்களுக்கே கிடைத்தது. போன வருடம் ஒரு கதவு பார்க்க அதே கிளப்புக்குப் போயிருந்தேன். யாரும் பார்க்காத நேரத்தில் ஒவ்வொரு நாற்காலியாகப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். இருபத்து நான்கும் கல்லுப்போல நின்றன. ஒரே ஒரு கைப்பிடியில் திருகாணி இளகியிருந்தது.  ஒரு மத்தியானம் அடுப்படியில் நின்று பார்த்த கண் அது!

பிறகு எந்த வேலை வந்தாலும் அம்மா முதலில் போய்ப் பார்ப்பது எங்கள் பட்டறையின் வழக்கமாகிவிட்டது. ஒரு கணக்கப்பிள்ளை மேசைக்குச் சொல்லியிருந்தார். இழுப்பறையின் நான்கு மூலையிலும் வால் விரிந்த பற்களாக வெட்டி ஒன்றுக்குள் ஒன்று கோக்க வேண்டும் என்றேன். அம்மா அவருடைய பழைய மேசையைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். "மழைக்காலத்துல அறை ஊறி இறுகிப்போகுது. மனுசன் காலை முட்டுக்குடுத்து இழுக்குறாரு. முன்னால ரெண்டு மூலைக்கும் பல்லு வெட்டுங்க. பின்னால ஆணி. பின்பக்கத்த யாரு இழுக்கப் போறா?"

கட்டில் கதை ஒன்று உண்டு. அம்மாவின் பெண்கள் இதைப் படிக்கும்போது முகம் சுளிக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன். கல்யாணமாகித் தோட்டத்து லயத்து வரிசைவீட்டுக்கு வருகிற ஒரு பெண்ணுக்குச் சீர்க் கட்டில். லயத்துக் காம்பிரா அறைகளுக்கு நடுவே இருக்கிற சுவர் கூரை வரைக்கும் போகாது என்பது நம் எல்லோருக்கும் தெரிந்ததுதானே. கதவோ சிறியது. முழுக் கட்டிலைச் சாய்த்தாலும் உள்ளே போகாது. ஆகவே கழற்றி மாட்டும்படி ஆப்பு வைத்த மூட்டு வேண்டும் என்று அம்மா சொன்னது புரிந்தது. ஆனால் நான்கு மூலைக்கும் ஒரு மயிரிழை இடைவெளிகூட இருக்கக்கூடாது, எவ்வளவு நேரமானாலும் பரவாயில்லை என்று ஏன் வற்புறுத்தினார்கள் என்பது விளங்கவில்லை.

"ரெண்டு பேரு படுக்கிற கட்டிலுக்கு இவ்வளவு எதுக்கும்மா?" என்றேன்.

அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. "கட்டில் சத்தம் போடக்கூடாது, ஆசாரி. பக்கத்துக் காம்பிராவுல மாமியார் இருக்காங்க" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்கள். நாங்கள் நால்வரும் அன்று சிரித்த சிரிப்பு வீதிக்குக் கேட்டிருக்கும். தேயிலைக்கு நிழல் தரும் மலிவான சபுக்கு மரக் கட்டில்தான். சத்தம் போட்டதாகப் புகார் ஒன்றும் வரவில்லை.

இதையெல்லாம் இன்று வியப்போடு எழுதுகிறேன். அந்த நாட்களில் வியப்பைவிட ரோசம்தான் எனக்கு அதிகமாக இருந்தது. ஏழு வயதில் உளி பிடித்தவன் நான். உளியே பிடிக்காத ஒருவர், 'இது போதும், அது வேண்டாம்' என்று சொல்ல, ஒவ்வொரு தடவையும் அவர்கள் சொன்னதே சரியாகப் போவதை மற்ற மூவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதிலாவது ஒருநாள் அம்மாவின் கணக்குத் தப்பட்டும் என்று மனதுக்குள் காத்திருந்தேன். இப்படி எழுதக் கை கூசுகிறது, இருந்தாலும் அதுதான் உண்மை.

அந்த நாள் வந்தது. டிக்கோயாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் பள்ளிக்கூடத்துக்கு, பழைய வாங்குகளுக்குப் பதிலாகப் புதிதாகப் பன்னிரண்டு வாங்குகள் வேண்டும் என்று தலைமை ஆசிரியர் வந்து சொன்னார். பிள்ளைகள் வரிசையாக உட்காரும் நீள வாங்கு. பணம் தோட்டத்து ஆட்கள் தலைக்கு இவ்வளவென்று சேர்த்தது. குறைவான பணம். இரண்டு பக்கமும் கால் சட்டம், அவற்றை இணைத்து அடியில் ஒரு நீளக் கட்டை. அந்தக் கட்டை கால் சட்டத்தை ஊடுருவி வெளியே வந்து ஆப்பில் நிற்க வேண்டும் என்றேன் நான். அப்படிச் செய்தால் பன்னிரண்டு வாங்குக்குப் பதில் எட்டுத்தான் வரும். மிச்சப் பிள்ளைகள் தரையில் உட்கார வேண்டியதுதான்.

வழக்கமாக அம்மா போய்ப் பார்த்திருப்பார்கள். அந்த வாரம் அவர்களுடைய மூத்த பெண்ணுக்கு அம்மை போட்டிருந்தது. வாசலில் வேப்பிலை. அம்மா படி இறங்கவில்லை. வீட்டு வாசலில் நின்றுகொண்டு முற்றத்துக்கு இந்தப் பக்கம் நின்ற என்னிடம் கேட்டார்கள்:

"அது ஒங்க தங்கச்சி வாக்கப்பட்ட தோட்டந்தானே ஆசாரி? பள்ளிக்கூடத்துல தரை எப்படி?"

"சிமிந்தித் தரைம்மா. சமமா இருக்கும்."

"பிள்ளைங்க மட்டுந்தானே உக்காருவாங்க? வேற யாராச்சும் உக்காருவாங்களா?"

அதற்கு முந்தைய வருடம் என் தங்கையின் மாமனார் இறந்தபோது நான் அந்தத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். தோட்டத்தில் சாவு விழுந்தால் பள்ளிக்கூடத்து வாங்குகளைத் தூக்கிக்கொண்டு வந்து லயத்து வாசலில் போடுவார்கள். ஐந்து பிள்ளைகள் உட்காருகிற வாங்கில் எட்டுப் பெரியவர்கள் நெருக்கி உட்காருவார்கள். மலைச்சரிவில் இருக்கிற வாசல். எங்கே போட்டாலும் ஒரு கால் அந்தரத்தில் நிற்கும், கல்லை முட்டுக்கொடுப்பார்கள். நான் அப்படி உட்கார்ந்து தேநீர் குடித்தவன். எல்லாம் எனக்குத் தெரியும்.

"பிள்ளைங்க மட்டுந்தாம்மா" என்றேன்.

அம்மா நம்பினார்கள். "அப்ப குட்டை நாக்கும் ஆணியும் போதும். பன்னெண்டும் செஞ்சிரலாம். ஒரு பிள்ளையும் தரையில உக்காரக்கூடாது" என்றார்கள்.

அந்த ஒரு பொய்யைச் சொல்ல எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. ஏன் சொன்னேன்? எல்லாம் தெரிந்தவர்கள்தானே, இதையும் தெரிந்துகொள்ளட்டும் என்ற ரோசம். வாங்கு ஆடும், ஆட்கள் குறை சொல்வார்கள், 'ஆசாரி சொன்னபடி செய்திருக்கலாம்' என்று அம்மா ஒருநாள் சொல்வார்கள் என்று நினைத்தேன். யாருக்காவது அடிபடும் என்பது அந்த வேளையில் என் புத்தியில் ஏறவேயில்லை.

நான்காவது மாதம் அந்தத் தோட்டத்தில் ஒரு பெரியவர் இறந்தார். வாங்குகள் லயத்து வாசலுக்கு வந்தன. ஒரு வாங்கின் கால் சட்டம் பாரம் தாங்காமல் உள்பக்கமாக மடங்கியது. ஆறு பேர் விழுந்தார்கள். ஓரத்தில் இருந்த ராக்காயி என்ற கொழுந்து எடுக்கும் பெண்ணின் வலது மணிக்கட்டின்மேல் பலகை விளிம்பு இறங்கியது. மற்றவர்கள் அந்தப் பலகைமேல் விழுந்தார்கள்.

செய்தி கேட்டதும் அம்மா டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டார்கள். நானும் கூடப் போனேன். பெண்கள் வார்டுக்குள் அம்மா மட்டும் போய் வெகுநேரம் இருந்துவிட்டு வந்தார்கள். அங்கிருந்து நேரே தோட்டத்துக்கு நடந்தோம். வழியில் ஒரு வார்த்தை பேசவில்லை. பள்ளிக்கூட வாசலில் ஆட்கள் கூடி நின்றார்கள். கோபமாக இருந்தார்கள். "ஏழைங்க காசுன்னா எதையும் அடிச்சுக் குடுத்துரலாமா?" என்று ஒருவர் சத்தம் போட்டார். 

அம்மா உடைந்த வாங்கின் பக்கத்தில் போய் நின்றார்கள். "ஆசாரி நல்ல மூட்டுத்தான் போடணும்னு கேட்டாரு. இது போதும்னு சொன்னது நாந்தான். வந்து பாக்காமச் சொன்னேன். தப்பு என்னோடதுங்க" என்றார்கள். "பன்னெண்டையும் கழட்டிப் புதுசா செஞ்சு தர்றோம். அந்தப் பொண்ணுக்குக் கை சரியாகுற வரைக்கும் எங்க பொறுப்பு. சரியாகாட்டியும் எங்க பொறுப்பு."

என் பக்கம் அவர்கள் திரும்பவேயில்லை. நான் வாயைத் திறக்கவுமில்லை. ஒரு மனிதன் உண்மை பேச இதைவிட நல்ல இடம் கிடைக்காது. எல்லோரும் இருந்தார்கள். நான் என் காலடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பன்னிரண்டு வாங்குகளுக்கும் ஊடுருவும் நாக்கும் ஆப்புமாக நானே வெட்டினேன். வேறு யாரையும் தொடவிடவில்லை. ராக்காயியின் கை பொருந்தியது, ஆனால் இரண்டு விரல்கள் மடங்கவில்லை. இரண்டு விரல் மடங்காதவள் எப்படிக் கொழுந்து கிள்ளுவாள்? தோட்டத்து வேலைப் பதிவிலிருந்து அவளுடைய பெயர் வெட்டப்பட்ட வாரத்திலேயே அம்மா அவளைப் பட்டறைக்கு அழைத்து வந்தார்கள். இடது கையால் உப்புத்தாள் தேய்க்கக் கற்றுக்கொண்டாள், பிறகு பாலிஷ் போடவும். அவளுக்கு இடம் ஒதுக்கியது என் பட்டறை மேசைக்குப் பக்கத்தில்.

பதினொரு வருடம். தினமும் காலை முதல் மாலை வரை எனக்கு இரண்டு முழத் தூரத்தில் அந்தக் கை. அவள் வாயாடி. "என்னா அண்ணே, இன்னைக்கு மூஞ்சி மழக்கால இழுப்பறை மாதிரி இறுகிக் கெடக்கு?" என்பாள். அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று எத்தனையோ தடவை வாயெடுத்தேன். வரவில்லை. ஒருமுறை அம்மாவிடமே சொல்லிவிடுவதென்று அவர்கள் முன்னால் போய் நின்றேன்.

"என்னாங்க ஆசாரி?"

"ஒண்ணுமில்லம்மா... தேக்குப் பலகை எப்ப வருதுன்னு..."

அம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். "வரும் ஆசாரி. அவசரமில்ல" என்றார்கள்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அவர்களிடம் ஒரு புது வழக்கம் வந்திருந்தது. எந்த இடத்தைப் பார்த்துவிட்டு வந்தாலும், எந்த மூட்டு என்று முடிவு செய்வதற்கு முன்னால் என்னைக் கூப்பிடுவார்கள். கண்டதையெல்லாம் சொல்லிவிட்டு, "நான் பாக்காதது எதாச்சும் இருக்கா ஆசாரி?" என்று கேட்பார்கள். நான் யோசித்து ஒன்று சொன்னால் அதன்படியே செய்வார்கள். விலை கூடினாலும் மறுபேச்சில்லை. பதினொரு வருடத்தில் ஒரு தடவைகூட நான் சொன்னதை அவர்கள் மற்றவர்களிடம் விசாரித்துப் பார்த்ததில்லை. அந்தக் கேள்விக்கு நானும் ஒரு தடவைகூடப் பொய் சொன்னதில்லை. ஒரு தொட்டிலுக்குப் பதில் சொல்வதற்கு முன்னால் இரண்டு நாள் அலைந்து திரிந்து விசாரித்திருக்கிறேன். அந்த வருடங்களில் எங்கள் பட்டறையிலிருந்து போன சாமான் ஒன்றும் திரும்பி வரவில்லை.

அட்டனில் நான் வந்து சேர்ந்தபோது வீட்டு வாசலில் கூட்டம் நிறைந்திருந்தது. தோட்டத்து ஆட்கள், பஜார்க்காரர்கள், எங்கள் வீதிச் சிங்களக் குடும்பங்கள் எல்லோரும் இருந்தார்கள். இருதயம் நின்றுவிட்டது என்றார்கள். காலையில் எழுந்து விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்தவர்கள் அப்படியே போய்விட்டார்கள். முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. பெட்டிக்குப் பக்கத்தில் ராக்காயி உட்கார்ந்திருந்தாள். இனியும் தள்ளிப்போட்டால் நான் மனிதனில்லை என்று தோன்றியது. அவளருகில் போய் உட்கார்ந்தேன்.

"ராக்காயி, ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

அவள் அழுத கண்ணைத் துடைக்காமலே கேட்டாள்: "வாங்கு விசயமா அண்ணே?"

நான் நிமிர்ந்து அவளைப் பார்த்தேன்.

"ஆஸ்பத்திரியில படுத்திருக்கப்பவே நான் அம்மாகிட்ட கேட்டுட்டேன். ஒங்க தங்கச்சி மாமனார் சாவுக்கு நீங்க பள்ளிக்கூடத்து வாங்குலதானே உக்காந்திருந்தீங்க? நாந்தானே ஒங்களுக்குத் தேத்தண்ணி குடுத்தேன்? ஆசாரிக்குத் தெரியாதாம்மான்னு கேட்டேன்."

"அம்மா என்னா சொன்னாங்க?"

"ரொம்ப நேரம் என் கைய மட்டும் புடிச்சுக்கிட்டு இருந்தாங்க. அப்புறம் சொன்னாங்க: 'இத யாருகிட்டயும் சொல்லிறாத தாயி. நான் கேட்டேன், அவரு மறைச்சிட்டாரு. வெரட்டிவிட்டா அந்தப் பொய்யத் தூக்கிக்கிட்டே போயிருவாரு. இங்கனயே இருக்கட்டும். ஒருநா அவரே எறக்கி வைப்பாரு.' எனக்கு ஒங்க மேல ஆத்திரந்தான் அண்ணே. ரெண்டு வருசம் ஒங்களப் பாத்தாலே எரியும். ஒங்க கையில இருந்து ஒரு ஓட்டச் சாமானாச்சும் வெளிய போகுமான்னு பாத்துக்கிட்டே இருந்தேன். போகல. அப்புறம் விட்டுட்டேன்."

அப்படியென்றால் ஆஸ்பத்திரியிலிருந்து தோட்டத்துக்கு என்னோடு பேசாமல் நடந்த அந்த வழி முழுவதும் அம்மாவுக்குத் தெரியும். அத்தனை கோபக்காரர்கள் நடுவில் நின்று "தப்பு என்னோடதுங்க" என்று சொன்னபோது தெரியும். என்னைக் காட்டிக்கொடுக்க ஒரு விரல் போதும், பட்டறையின் பெயரும் பிழைத்திருக்கும். அதைச் செய்யவில்லை. பொய் சொன்ன வாயிடமே பதினொரு வருடம் கேள்வி கேட்டு, அந்தப் பதிலை நம்பி வேலை செய்தார்கள். இவ்வளவு பெரிய மனது ஒரு மனிதருக்குள் எப்படி இருந்தது என்று நினைக்க நினைக்க எனக்கு ஆறவில்லை. கும்பிடுவதைத் தவிர வேறொன்றும் தோன்றவில்லை. பெட்டியின் கால்மாட்டில் தலையை வைத்து அழுதேன். எல்லோரும் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

மயானத்தில் மழை தூறிக்கொண்டிருந்தது. பெண்மக்களும் உறவுக்காரர்களும் மண் போட்ட பிறகு ராக்காயி முன்னால் வந்தாள். பெண்கள் குழிமேட்டுக்கு வருவது வழக்கமில்லை என்று யாரோ முணுமுணுத்தார்கள். அம்மாவின் பெண்கள் ஏற்கெனவே அங்கே நிற்பதைப் பார்த்துவிட்டு அவர்களே அடங்கினார்கள். வலது கையால்தான் மண்ணை அள்ளினாள். மடங்காத இரண்டு விரல்களுக்கு நடுவே பாதி மண் சிந்தியது. மறுபடி குனிந்து அள்ளிப் போட்டாள்.

இந்த மலரின் ஒரு பிரதி அந்தத் தோட்டப் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும் என்று அம்மாவின் பெண்களைக் கேட்டுக்கொள்கிறேன். தலைமை ஆசிரியர் இந்தப் பகுதியை ஆட்கள் கூடும் இடத்தில் சத்தமாக வாசிக்க வேண்டும். அந்த வாங்கு உடைந்தது பட்டறையம்மாவின் தவறால் அல்ல. அவர்கள் கேட்கவேண்டியதைக் கேட்டார்கள். தெரிந்தவன் நான் மறைத்தேன்.

அம்மா, முற்றத்துக்கு அந்தப் பக்கம் வேப்பிலைக்குக் கீழே நின்று நீங்கள் என்னிடம் கேட்டீர்கள். பதினொரு வருடம் பொறுத்திருந்தீர்கள். உங்கள் காதில் விழாத இந்த நாளில்தான் எனக்கு வாய் வருகிறது. பிள்ளைகள் மட்டுமல்ல அம்மா, பெரியவர்களும் உட்காருவார்கள். எல்லோரும் உட்காருவார்கள். நிம்மதியாகப் போய்வாருங்கள்.